பகா எண்களின் பெருக்கம்: விடை எங்கே தப்புகிறது? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

பகா எண்களைப் பெருக்கும்போது உள்ளே போட்ட எதுவும் காணாமல் போவதில்லை. 2 × 3 × 3 × 7 என்று பெருக்கி 126 வந்தால், அந்த 126-ஐ யார், எந்த வழியில் பிரித்தாலும் ஒரு 2, இரண்டு 3, ஒரு 7 மட்டுமே வெளியே வரும். ஆகவே விடையில் சந்தேகம் வந்தால் பெருக்கலைத் திரும்பச் செய்வதற்கு முன் விடையையே விசாரியுங்கள்: உனக்குள் எந்தப் பகா எண், எத்தனை தடவை? கீழே உள்ள சிக்கல்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு கேள்வியில் பிடிபடும்.

கையில் ஒரு தாளும் 100-க்குள் உள்ள 25 பகா எண்களும் இருந்தால் போதும்: 2, 3, 5, 7, 11, 13, 17, 19, 23, 29, 31, 37, 41, 43, 47, 53, 59, 61, 67, 71, 73, 79, 83, 89, 97. இலங்கைப் பாடநூலில் படித்தவர்கள் இவற்றையே முதன்மை எண்கள் என்பார்கள்.

அறிகுறி 1: கையால் பெருக்கினேன், விடை சரியா என்று தெரியவில்லை

முதலில் ஒன்றாம் இலக்கத்தைப் பாருங்கள். 2-ம் 5-ம் கலக்காத பகா எண்களை எத்தனை பெருக்கினாலும் விடை 1, 3, 7, 9 ஆகிய நான்கில் ஒன்றில்தான் முடியும். இரட்டை எண் வந்தாலோ 5-இல் முடிந்தாலோ மேலே சோதிக்கவே வேண்டாம், தவறு.

அடுத்தது 6-ஆல் வகுத்த மீதி. 3-ஐவிடப் பெரிய எந்தப் பகா எண்ணை 6-ஆல் வகுத்தாலும் மீதி 1 அல்லது 5. வேறு மீதி வந்தால் அதில் 2 அல்லது 3 ஒளிந்திருக்கிறது. அந்த மீதிகளைப் பெருக்கினால் விடையின் மீதி கிடைக்கும்: 1 × 1 என்றால் 1; 1 × 5 என்றால் 5; 5 × 5 = 25, மீதி 1. 89 × 97-ஐ எடுங்கள். 89-க்கு மீதி 5, 97-க்கு மீதி 1. விடை 8633, 6-ஆல் வகுத்தால் மீதி 5. பொருந்துகிறது.

மூன்றாவது, பலருக்கும் பழக்கமான 9 சோதனை. இலக்கங்களைக் கூட்டி ஒற்றை இலக்கமாக்குங்கள். 89 → 17 → 8. 97 → 16 → 7. 8 × 7 = 56 → 11 → 2. 8633 → 20 → 2. சரி.

ஆனால் இதை மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள். 8633-ஐ எழுதும்போது கை தவறி 8363 என்று போட்டால் இலக்கங்களின் கூட்டல் மாறாது; 9 சோதனை தவறை அப்படியே விட்டுவிடும். கையால் எழுதுபவர்கள் அடிக்கடி செய்யும் பிழைகளில் இந்த இடமாற்றமும் ஒன்று. அதற்கு 11 சோதனை வேண்டும். வலப்பக்கத்தில் தொடங்கி இலக்கங்களை மாறி மாறிக் கூட்டிக் கழியுங்கள்; குறை எண் வந்தால் 11 சேருங்கள்.

89: 9 − 8 = 1.
97: 7 − 9 = −2, அதாவது 9.
பெருக்கினால் 9.
8633: 3 − 3 + 6 − 8 = −2, அதாவது 9. சரி.
8363: 3 − 6 + 3 − 8 = −8, அதாவது 3. பிடிபட்டது.

இதற்கும் ஓட்டை உண்டு. ஓர் இலக்கம் தாண்டி இடம் மாறினால், அதாவது 8633-ஐ 3683 என்று எழுதினால், 9 சோதனையும் 11 சோதனையும் இரண்டுமே தேறிவிடும். அங்கே விடையை 89-ஆல் வகுத்துப் பார்ப்பதே நம்பகமான வழி. 3683-ஐ 89-ஆல் வகுத்தால் ஈவு 41, மீதி 34. உள்ளே போட்ட 89 இல்லையென்றால் அது உங்கள் பெருக்கத்தின் விடையும் இல்லை.

அறிகுறி 2: ஒரே எண்ணை இருவர் பிரித்தால் இரண்டு விடை வருகிறது

4641-ஐ ஒருவர் 51 × 91 என்கிறார், இன்னொருவர் 39 × 119 என்கிறார். பெருக்கிப் பார்த்தால் இருவருமே சரி. அப்படியானால் பகாக் காரணிகள் ஒரே விதமாகத்தான் அமையும் என்று சொல்லும் எண்ணியலின் அடிப்படைத் தேற்றம் பொய்யா? இல்லை. இருவரும் பாதி வழியில் நிறுத்திவிட்டார்கள். 51 = 3 × 17, 91 = 7 × 13, 39 = 3 × 13, 119 = 7 × 17. கடைசிவரை பிரித்தால் இருவருக்கும் 3 × 7 × 13 × 17 தான்.

பாதியில் நிற்கக் காரணம், சில பகு எண்கள் பகா எண் மாதிரியே முகம் காட்டுவது. பெருக்கல் வாய்ப்பாட்டில் அடிபடாதவை, இரட்டையும் இல்லை, 5-இலும் முடியாதவை. இந்தப் பட்டியலைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொள்ளலாம்:

51 = 3 × 17, 57 = 3 × 19, 87 = 3 × 29, 91 = 7 × 13, 119 = 7 × 17, 133 = 7 × 19, 143 = 11 × 13, 161 = 7 × 23, 187 = 11 × 17, 209 = 11 × 19, 217 = 7 × 31, 221 = 13 × 17, 247 = 13 × 19, 253 = 11 × 23, 299 = 13 × 23, 323 = 17 × 19.

இதில் 57-க்குத் தனிப் பெருமை உண்டு. கணிதக்காரர்கள் அதைக் கேலியாகக் ‘குரோதெண்டிக் பகா எண்’ என்பார்கள். 20-ஆம் நூற்றாண்டின் பெரும் கணித மேதைகளில் ஒருவரான அலெக்சாந்தர் குரோதெண்டிக், எடுத்துக்காட்டுக்கு ஒரு பகா எண் கேட்டபோது 57 என்றாராம். ஆகவே நீங்கள் தவறினால் பெரிதாக வெட்கப்பட ஒன்றும் இல்லை.

சோதிக்கும் எல்லையை மட்டும் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். ஓர் எண் பகு எண் என்றால் அதன் வர்க்கமூலத்துக்குள் ஒரு பகாக் காரணி இருந்தே தீரும். 121-க்குக் கீழே 2, 3, 5, 7 போதும். 169-க்குக் கீழே 11-ஐயும், 289-க்குக் கீழே 13-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் வகுத்துப் பார்ப்பது வீண் வேலை.

வேறுபாடு 1-ஆல் வந்திருந்தால் (ஒருவர் 1 × 3 × 7, மற்றவர் 3 × 7), 1-ஐ நீக்கிவிடுங்கள். 1 பகா எண்ணும் இல்லை, பகு எண்ணும் இல்லை. அதைச் சேர்த்துக்கொண்டால் 21 = 1 × 3 × 7 = 1 × 1 × 3 × 7 என்று முடிவில்லாமல் எழுதலாம்; ஒரே விதமான பிரிப்பு என்ற பேச்சுக்கே இடமிருக்காது.

அறிகுறி 3: நிரல் எழுதினேன், 49, 121, 169 மட்டும் பகா எண்களாக வருகின்றன

மற்றதெல்லாம் சரியாக இருந்து பகா எண்களின் வர்க்கங்கள் மட்டும் தப்பி வந்தால் பிழை எங்கே என்று தேட வேண்டியதில்லை. லூப் நிற்கும் இடத்தில் ‘வகுக்கும் எண்ணின் வர்க்கம் < கொடுத்த எண்’ என்று எழுதியிருக்கிறீர்கள். ‘≤’ என்று இருக்க வேண்டும். 49-க்கு 7 வரை போகாமல் லூப் நின்றுவிடுகிறது.

இதன் உடன்பிறப்பு: காரணிகளை அச்சிடும் நிரலில் கடைசிக் காரணி விடுபடுவது. 8633 கொடுத்தால் 89 மட்டும் வருகிறது, 97-ஐக் காணோம். 89-ஆல் வகுத்தபின் மிஞ்சுவது 97. 89-இன் வர்க்கம் 97-ஐவிடப் பெரியது என்பதால் லூப் சரியாகவே நிற்கிறது. ஆனால் மிஞ்சியது 1-ஐவிடப் பெரியதாக இருந்தால் அதுவும் ஒரு பகாக் காரணிதான். லூப்புக்கு வெளியே அதைத் தனியாக அச்சிட வேண்டும்.

72-க்கு 2, 3 என்று மட்டும் வந்தால், ஒரு காரணியைக் கண்டதும் ஒரு முறை மட்டும் வகுத்துவிட்டு நகர்கிறீர்கள். வகுபடும்வரை வகுக்க வேண்டும்: 72 = 2 × 2 × 2 × 3 × 3.

அறிகுறி 4: வகுத்திகளின் எண்ணிக்கை ஒத்துவரவில்லை

இரண்டு வெவ்வேறு பகா எண்களைப் பெருக்கினால் விடைக்கு வகுத்திகள் நான்கு: 13 × 17 = 221-க்கு 1, 13, 17, 221. ஒரே பகா எண்ணை இருமுறை பெருக்கினால் மூன்றுதான்: 169-க்கு 1, 13, 169. நான்கு என்று மனப்பாடம் செய்தவர்கள் 13-ஐ இருமுறை எண்ணிவிடுகிறார்கள்.

பொது விதி: ஒவ்வொரு பகாக் காரணியின் அடுக்கோடும் 1 கூட்டி, கிடைப்பவற்றைப் பெருக்குங்கள். 360 = 2³ × 3² × 5. அடுக்குகள் 3, 2, 1. ஆகவே 4 × 3 × 2 = 24 வகுத்திகள். வழக்கமாகச் செய்யும் தவறுகள் இரண்டு. அடுக்குகளைக் கூட்டி 6 என்பது ஒன்று; 1 கூட்ட மறந்து 3 × 2 × 1 = 6 என்பது மற்றது. இரண்டும் ஒரே விடைக்கு வந்து நிற்பதால் நண்பர்கள் இருவர் ஒப்பிட்டுப் பார்த்துச் சரி என்று முடிவுகட்டும் ஆபத்து 360-இல் கூடுதல். அந்த 1 எதற்கு? ஒரு வகுத்தியை உருவாக்கும்போது 2-ஐ ஒன்றும் எடுக்காமல் விடலாம், ஒன்று, இரண்டு, மூன்று எடுக்கலாம். வாய்ப்புகள் நான்கு. எடுக்காமல் விடுவதும் ஒரு வாய்ப்பு என்பதற்குத்தான் அந்த 1.

உடனடிச் சரிபார்ப்பு: எண்ணிக்கை ஒற்றைப்படை என்றால் எண் முழு வர்க்கமாக இருக்க வேண்டும். 360 முழு வர்க்கம் அல்ல; 23 என்றோ 25 என்றோ வந்தால் ஒன்றை விட்டிருக்கிறீர்கள் அல்லது ஒன்றை இரண்டு தடவை எண்ணியிருக்கிறீர்கள்.

வகுத்திகளின் கூடுதலும் இதே தாளத்தில்தான் போகும்: (1 + 2 + 4 + 8) × (1 + 3 + 9) × (1 + 5) = 15 × 13 × 6 = 1170.

‘8 வகுத்திகள் கொண்ட மிகச்சிறிய எண்’ என்ற கேள்வியில் 30 என்று எழுதுபவர்கள் அதிகம். 8-ஐ 2 × 2 × 2 என்று மட்டும் பார்த்து 2 × 3 × 5 எடுக்கிறார்கள். 4 × 2 என்று பார்த்தால் 2³ × 3 = 24; வெறும் 8 என்றால் 2⁷ = 128. மூன்றையும் எழுதிய பிறகு சிறியதைத் தேர்ந்தெடுங்கள்: 24. இந்தக் கணக்கின் ஆழத்துக்குப் போக விரும்பினால் இராமானுசன் 1915-இல் வெளியிட்ட மிகுபகு எண்கள் பற்றிய ஆய்வுக் கட்டுரை இருக்கிறது. தனக்கு முந்தைய எல்லா எண்களையும்விட அதிக வகுத்திகள் கொண்ட எண்ணில், பகா எண் பெரிதாகப் பெரிதாக அடுக்கு ஏறவே ஏறாது என்பதும், 4, 36 இரண்டைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் கடைசிப் பகா எண்ணின் அடுக்கு 1 என்பதும் அதில் வருபவை.

அறிகுறி 5: மீ.பெ.கா × மீ.சி.ம = எண்களின் பெருக்கம் என்ற விதி பொய்க்கிறது

இரண்டு எண்களுக்கு அது ஒருபோதும் பொய்க்காது. மூன்று எண்களுக்குப் போட்டிருக்கிறீர்கள். 6, 10, 15 ஆகியவற்றின் மீப்பெரு பொதுக் காரணி 1, மீச்சிறு பொது மடங்கு 30; மூன்றின் பெருக்கம் 900. ஒவ்வொரு பகா எண்ணுக்கும் மீ.பெ.கா குறைந்த அடுக்கை எடுக்கிறது, மீ.சி.ம கூடிய அடுக்கை எடுக்கிறது. இரண்டு எண்கள் என்றால் இருப்பதே அந்த இரண்டு அடுக்குகள்தான். மூன்றாவது வந்ததும் நடுவில் ஓர் அடுக்கு யார் கணக்கிலும் சேராமல் நிற்கிறது.

அறிகுறி 6: பகா எண்களை வரிசையாகப் பெருக்கி 1 கூட்டினேன், பகா எண் வரவில்லை

முதலில் ஒரு செய்தி: நீங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. தவறு நீங்கள் கேள்விப்பட்ட விதியில் இருக்கிறது.

2 + 1 = 3
2 × 3 + 1 = 7
2 × 3 × 5 + 1 = 31
2 × 3 × 5 × 7 + 1 = 211
2 × 3 × 5 × 7 × 11 + 1 = 2311

ஐந்துமே பகா எண்கள். இங்கேயே நிறுத்திவிட்டால் எவரும் விதி கிடைத்துவிட்டது என்றுதான் நினைப்பார்கள். அடுத்த படியில் உடைகிறது: 30030 + 1 = 30031 = 59 × 509. அதற்கடுத்து 510511 = 19 × 97 × 277. அதற்கும் அடுத்து 9699691 = 347 × 27953.

பகா எண்களுக்கு முடிவில்லை என்று யூக்ளிட் காட்டிய வழியை அரைகுறையாக நினைவில் வைப்பதால் வரும் குழப்பம் இது. அந்த வாதம் சொல்வது இவ்வளவுதான்: கையில் உள்ள பகா எண்களையெல்லாம் பெருக்கி 1 கூட்டினால், கிடைப்பதைக் கையில் உள்ள எதனால் வகுத்தாலும் மீதி 1. ஆகவே அதன் பகாக் காரணி ஒவ்வொன்றும் பட்டியலுக்கு வெளியே உள்ள புதிய ஆள். கிடைத்த எண்ணே பகா எண் என்று அந்த வாதம் எங்கும் சொல்லவில்லை. 30031 பகு எண்தான். ஆனால் 59-ம் 509-ம் பட்டியலில் இல்லாதவை. வாதம் நிற்கிறது.

பட்டியல் 2-இல் தொடங்க வேண்டும் என்பதும் கட்டாயமில்லை. 3, 7 இரண்டை மட்டும் வைத்து 21 + 1 = 22 எடுங்கள். 2-ம் 11-ம் புதிதாகக் கிடைக்கின்றன. புதிய பகா எண் பழையவற்றைவிடப் பெரியதாக இருக்க வேண்டும் என்று நினைத்தால் இந்த எடுத்துக்காட்டிலேயே அதுவும் உடைகிறது.

1 கூட்டாமல் கழித்தால் சரியாகுமா என்று அடுத்துக் கேட்பார்கள். ஆகாது. 6 − 1 = 5, 30 − 1 = 29 என்று நன்றாகத்தான் தொடங்கும்; 210 − 1 = 209 = 11 × 19.

இத்தகைய எண்ணைக் கையால் பிரிக்க வேண்டியிருந்தால் ஒரு சலுகை இருக்கிறது. உள்ளே பெருக்கிய பகா எண்களால் வகுத்துப் பார்க்கவே வேண்டாம், மீதி 1 என்று முன்னமே தெரியும். 30031-க்கு 17-இல் தொடங்குங்கள்: 17, 19, 23 என்று போனால் பதினோராவது முயற்சியில் 59 கிடைக்கும். 510511-க்கு 19-இல் தொடங்க வேண்டும். முதல் முயற்சியிலேயே ஒரு காரணி கிடைத்துவிடும்.

அறிகுறி 7: கணினியில் பெருக்கினால் குறை எண் வருகிறது, அல்லது கடைசி இலக்கங்கள் சுழியாகின்றன

பகா எண்களின் தொடர் பெருக்கம் நினைப்பதைவிட வேகமாக வீங்கும். முதல் ஒன்பது பகா எண்களின் பெருக்கம் 223092870. பத்தாவதாக 29 சேர்ந்ததும் 6469693230. குறியுள்ள (மிகை, குறை இரண்டும் ஏற்கும்) 32 பிட் எண்ணின், அதாவது 32 இரும இலக்கங்களில் அடங்கும் எண்ணின், உச்சவரம்பு 2147483647. ஜாவாவில் சாதாரண முழு எண் வகையில் இதைச் செய்தால் திரையில் வருவது −2120241362. உண்மை விடையிலிருந்து 2³²-இன் மடங்குகள் கழிந்துபோய் மிச்சம்தான் தெரிகிறது.

64 பிட்டுக்கு மாறினால் பதினைந்து பகா எண்கள்வரை, அதாவது 47 வரை தாங்கும்: 614889782588491410. பதினாறாவதாக 53 சேர்ந்தால் 32589158477190044730. குறியுள்ள 64 பிட்டின் வரம்பு 9223372036854775807. வருவது −4304329670229058502. குறியில்லாத 64 பிட்டிலும் இது அடங்காது.

குறை எண் வந்தால்தான் பிழை என்று எண்ணிவிடாதீர்கள். அதே 32 பிட்டில் நிறுத்தாமல் 53 வரை பெருக்கிக்கொண்டே போனால் 1641192506 என்று மிகை எண் வந்து நிற்கும். பார்க்க ஒழுங்கான விடை மாதிரியே இருக்கும்.

இங்கேதான் விடையையே விசாரிக்கும் முறை கைகொடுக்கிறது. 2-இல் தொடங்கி வரிசையாகப் பெருக்கும்போது உள்ளே 2 ஒன்று, 5 ஒன்று, அதற்கு மேல் இல்லை. ஆகவே 5-வரை வந்துவிட்ட பிறகு:

ஒன்றாம் இலக்கம் 0-ஆக இருக்க வேண்டும். பத்தாம் இலக்கம் 1, 3, 7, 9 ஆகியவற்றில் ஒன்றாக மட்டுமே இருக்க வேண்டும். இரட்டை என்றால் இன்னொரு 2 எங்கிருந்தோ வந்திருக்கிறது; 5 என்றால் இன்னொரு 5. இலக்கங்களின் கூடுதல் 3-ஆல் வகுபட வேண்டும், 9-ஆல் வகுபடக் கூடாது, ஏனென்றால் 3-ம் ஒன்றுதான்.

30, 210, 2310, 30030, 510510, 9699690, 223092870 என்று ஓட்டிப் பாருங்கள், எல்லாம் தேறும். 1641192506 ஒன்றாம் இலக்கத்திலேயே விழுகிறது.

விரிதாளில் நோய் வேறு வடிவம். எக்செல் 15 இலக்கங்களுக்கு மேல் வைத்துக்கொள்ளாது. 41 வரை பெருக்கினால் 304250263527210, சரியாக 15 இலக்கம், சிக்கலில்லை. 43 சேர்ந்ததும் உண்மை விடை 13082761331670030, திரையில் 13082761331670000. பத்தாம் இலக்கம் 0, ஆகவே பொய். கலத்தின் வடிவமைப்பை மாற்றினால் சரியாகும் என்று தேடுகிறவர்கள் உண்டு. இலக்கம் போனது போனதுதான். ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண் வகையிலும் இதே கதை: 47 வரை பெருக்கினால் 614889782588491400 என்று வரும், 410-இல் முடிய வேண்டியது. அந்த எண் வகையில் 9007199254740992-க்கு மேல் ஒவ்வொரு முழு எண்ணுக்கும் இடமில்லை.

தீர்வு மொழிக்கு ஏற்ப மாறும். பைத்தானில் முழு எண்ணுக்கு வரம்பே இல்லை, எதுவும் செய்ய வேண்டாம். வகுக்கும்போது மட்டும் ‘/’ போடாமல் ‘//’ போடுங்கள், இல்லையேல் விடை தசம எண்ணாகி இலக்கங்கள் உதிரும். ஜாவாவில் பிக்இன்டீஜர், ஜாவாஸ்கிரிப்டில் பிக்இன்ட் என்ற பெரிய முழு எண் வகைகளுக்கு மாறுங்கள். சி போன்ற மொழிகளில் பெருக்கும் முன்பே சோதியுங்கள்: வரம்பை அடுத்த பகா எண்ணால் வகுத்து, இதுவரை வந்த பெருக்கம் அந்த ஈவைவிடப் பெரியதா என்று பாருங்கள். 2147483647-ஐ 29-ஆல் வகுத்தால் 74051160, கையில் இருப்பது 223092870, பெருக்கக் கூடாது. பெருக்கிவிட்டுச் சோதிப்பது பயன்படாது. சி மொழியில் குறியுள்ள எண் வரம்பை மீறினால் என்ன நடக்கும் என்றே மொழி விதி உறுதி தருவதில்லை.

அறிகுறி 8: என் பகா எண் சோதனை சில பெருக்கங்களைப் பகா எண் என்கிறது

நீங்கள் பயன்படுத்துவது ஃபெர்மா சோதனையாக இருக்கும்: ஓர் அடிமானத்தை ‘எண் − 1’ அடுக்குக்கு உயர்த்தி, எண்ணால் வகுத்து, மீதி 1 வந்தால் தேர்ச்சி. 2-ஐ அடிமானமாக வைத்தால் முதலில் ஏமாற்றுவது 341 = 11 × 31. காரணம் எளிது: 2¹⁰ = 1024 = 3 × 341 + 1. பத்தாவது அடுக்கிலேயே மீதி 1 வந்துவிடுகிறது. 340 என்பது 10-இன் மடங்கு என்பதால் அங்கும் 1. அடிமானத்தை 3-ஆக மாற்றினால் மீதி 56 வரும், குட்டு உடையும்.

ஆனால் அடிமானத்தை மாற்றியும் அசையாத பெருக்கங்கள் இருக்கின்றன. மிகச்சிறியது 561 = 3 × 11 × 17. எண்ணோடு பொதுக் காரணி இல்லாத எந்த அடிமானத்தை வைத்தாலும் தேறிவிடும். இவை கார்மைக்கேல் எண்கள். அடையாளம் காணும் விதியைக் கோர்செல்ட் 1899-இல் சொன்னார்: பகாக் காரணி எதுவும் இருமுறை வரக் கூடாது; ஒவ்வொரு பகாக் காரணியிலும் 1 குறைத்தால் வருவது, எண்ணில் 1 குறைத்ததை மீதியின்றி வகுக்க வேண்டும். 560-ஐ 2, 10, 16 மூன்றும் வகுக்கின்றன. இராமானுசன் பெயரோடு சேர்ந்தே நினைவுக்கு வரும் 1729-ம் இந்தக் கூட்டம்தான்: 7 × 13 × 19; 1728-ஐ 6, 12, 18 மூன்றும் வகுக்கும். இப்படிப்பட்ட எண்கள் முடிவில்லாமல் உண்டு என்பதை ஆல்ஃபோர்ட், கிரான்வில், பொமெரான்ஸ் மூவரும் 1994-இல் நிறுவிவிட்டார்கள். பட்டியல் போட்டு விலக்கலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

ஃபெர்மா சோதனையைவிடக் கடுமையான மில்லர்–ராபின் சோதனைக்கு மாறுங்கள். 2, 3, 5, 7 ஆகிய நான்கு அடிமானங்கள் 3215031751-க்குக் கீழே உள்ள எல்லா எண்களுக்கும் தவறாமல் விடை சொல்லும். அந்த எண்ணில்தான் முதன்முதலாக நான்கும் சேர்ந்து ஏமாறுகின்றன. அது 151 × 751 × 28351. 64 பிட் எண்கள் முழுமைக்கும் 2 முதல் 37 வரையிலான பன்னிரண்டு பகா எண்கள் போதும். இடையில் வரும் பெருக்கலுக்கு 128 பிட் இடம் ஒதுக்க மறந்தால் அறிகுறி 7 இங்கேயும் தலைகாட்டும்.

அறிகுறி 9: ஆர்எஸ்ஏ பயிற்சியில் மறைகுறியை விடுவித்தால் குப்பை வருகிறது

ஆர்எஸ்ஏ என்பது இரு பகா எண்களின் பெருக்கத்தைக் கொண்டு செய்தியை மறைக்கும் முறை; பொதுச் சாவியால் மறைத்ததைத் தனிச் சாவியால் விடுவிக்க வேண்டும். சரியாக ஓடும் ஒரு கணக்கை முதலில் வைத்துக்கொள்ளுங்கள். 61 × 53 = 3233. 60 × 52 = 3120. பொதுச் சாவி 17, தனிச் சாவி 2753; 17 × 2753 = 46801 = 15 × 3120 + 1. உங்கள் நிரல் இதற்குச் சரியாக வேலை செய்தால் பிழை நீங்கள் தேர்ந்த எண்களில்தான் இருக்கிறது. மூன்று இடங்களைப் பாருங்கள்.

தனிச் சாவியே கிடைக்கவில்லையா? பொதுச் சாவிக்கும் 3120-க்கும் பொதுக் காரணி இருக்கிறது. மேலே உள்ள எண்களுக்கு 3 என்ற பொதுச் சாவி ஆகாது, ஏனென்றால் 60 அதனால் வகுபடுகிறது.

தவறுதலாக ஒரே பகா எண்ணை இருமுறை எடுத்துவிட்டீர்களா? 53 × 53 = 2809-க்கு 52 × 52 = 2704 என்று போடக் கூடாது; 53 × 52 = 2756 என்பதே சரி.

செய்தியின் எண் 3233-ஐ எட்டிவிட்டதா? 3300 அனுப்பினால் 67 தான் திரும்பி வரும்.

அறிகுறி 10: பெரிய பகா எண்களைப் பெருக்கினேன், யாரோ உடனே பிரித்துவிட்டார்கள்

இரண்டு பகா எண்களும் பக்கத்துப் பக்கத்தில் இருந்திருக்கும். 8051-ஐப் பாருங்கள். அதைத் தாண்டிய முதல் முழு வர்க்கம் 90² = 8100; வித்தியாசம் 49 = 7². ஆகவே 90 − 7 = 83, 90 + 7 = 97. ஒரே படி. எண்கள் நூற்றுக்கணக்கான இலக்கங்கள் கொண்டவையாக இருந்தாலும் நெருக்கமாக இருந்தால் இந்த வழி திறந்துவிடும். அடுத்தடுத்த பகா எண்களைத் தேர்வது எப்போதும் தவறு.

அல்லது அதே பகா எண்ணை இன்னொரு பெருக்கத்திலும் பயன்படுத்தியிருப்பீர்கள். 2491, 3127 இரண்டையும் யாரும் பிரிக்க வேண்டியதில்லை, மீ.பெ.கா கண்டால் போதும். 3127 − 2491 = 636. 2491 − 3 × 636 = 583. 636 − 583 = 53. 583 = 11 × 53. பொதுவானது 53, மிச்சம் 47-ம் 59-ம் தானாக வந்துவிடும். இது தாளில் மட்டும் நடக்கும் வேடிக்கை அல்ல. 2012-இல் இணையத்திலிருந்து திரட்டிய பொதுச் சாவிகளை ஆராய்ந்தவர்கள், போதிய தற்செயல்தன்மை இல்லாமல் உருவாக்கிய ஆயிரக்கணக்கான சாவிகள் பகா எண்ணைப் பகிர்ந்துகொண்டிருந்ததை இதே முறையால் கண்டார்கள்.

மூன்றாவது, (61 − 1) × (53 − 1) = 3120 என்ற எண்ணை வெளியே விட்டிருக்கலாம். 3233 − 3120 + 1 = 114; இதுவே இரு பகா எண்களின் கூடுதல். 114² − 4 × 3233 = 64, வர்க்கமூலம் 8. (114 + 8) ÷ 2 = 61, (114 − 8) ÷ 2 = 53.

இந்த மூன்றும் இல்லாமல் பிரிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு இரண்டு அளவுகோல்கள். 2⁶⁷ − 1 = 193707721 × 761838257287 என்பதை 1903-இல் ஃபிராங்க் நெல்சன் கோல் காட்டினார்; பெருக்கிச் சரிபார்ப்பது ஒரு கரும்பலகை வேலை, கண்டுபிடித்தது நெடுநாள் உழைப்பு. 250 இலக்கம் கொண்ட ஆர்எஸ்ஏ-250 என்ற சவால் எண் 2020 பிப்ரவரியில்தான் பிரிபட்டது.

அறிகுறி 11: 2048 பிட் நீளமுள்ள பெருக்கம் கேட்டேன், 2047 பிட் வருகிறது

1024 பிட் கொண்ட இரண்டு பகா எண்களைப் பெருக்கினால் 2047 அல்லது 2048 பிட் வரும். தசமத்திலும் இப்படித்தான்: 11 × 13 = 143 மூன்று இலக்கம், 89 × 97 = 8633 நான்கு இலக்கம். எப்போதும் 2048 வேண்டுமென்றால், பகா எண்ணைத் தேடத் தொடங்கும் முன் அதன் மேல் இரண்டு பிட்டுகளையும் 1 ஆக வையுங்கள். அப்போது ஒவ்வொன்றும் குறைந்தது 1.5 × 2¹⁰²³. பெருக்கம் குறைந்தது 2.25 × 2²⁰⁴⁶, அது 2²⁰⁴⁷-ஐத் தாண்டிவிடும். கீழ்ப் பிட்டையும் 1 ஆக வைத்துவிட்டால் இரட்டை எண்களைச் சோதிக்கும் நேரம் மிச்சம்.